கூரையில் கிடப்பது எந்தக் கல்நார்?

கேள்வி இதுதான். திருகோணமலைப் பாலையூற்றில் 1992இல் கட்டிய வீடு. முழுக்க அஸ்பெஸ்டஸ் சீற் கூரை. முன் அறைக்குத் தட்டை அஸ்பெஸ்டஸில் சீலிங். எல்லாவற்றையும் கழற்றித் தகடு போட எண்ணம். “வெள்ளை அஸ்பெஸ்டஸ் ஒன்றும் செய்யாது, நீலம்தான் கூடாது, அதை எப்பவோ தடைசெய்துவிட்டார்கள்” என்கிறார் கூரை வேலைக்கு வரும் பாஸ் (மேஸ்திரி). அஸ்பெஸ்டஸில் எத்தனை வகை, எங்கே தோண்டுகிறார்கள், எதற்கெல்லாம் போடுகிறார்கள், இந்தக் கூரையில் இருப்பது எது, எப்படிக் கழற்றுவது?

கூரையை முதலில் பார்த்துவிடுவோம். அதில் இருப்பது அநேகமாக வெள்ளைதான். நீலம் மோசமானது, தடைசெய்யப்பட்டது என்று பாஸ் சொன்னது சரி. வெள்ளை ஒன்றும் செய்யாது என்றது பிழை. வகையின் பெயரைக் கேட்டு மனதைத் தேற்றிக்கொண்டு கிறைண்டரைக் கையில் எடுப்பது அதைவிடப் பெரிய பிழை. சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும் நார் மூக்குக்குள் போகாது. அறுத்தால், உடைத்தால், தேய்த்தால் போகும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

அஸ்பெஸ்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அணைக்க முடியாதது’ என்று பொருள். தமிழில் கல்நார் என்று பெயர் வைத்தவர் பொருளைக் கையில் எடுத்து உரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பார் போலும். கல்லுதான், ஆனால் வாழைநார் மாதிரி உரியும். வாழைநாரை ஒரு அளவுக்கு மேல் கிழித்தால் பிசிறிப்போகும். கல்நாரோ நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். வெள்ளைக் கல்நாரின் தனி இழை ஒன்றின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 40,000இல் ஒரு பங்கு. வெயில் கதிரில் மிதப்பதாக நாம் காணும் தூசு இதற்குப் பக்கத்தில் மலை.

கல்நார் என்பது ஒரே கனியத்தின் பெயரல்ல. சந்தையில் விழுந்த பெயர். அதன் கீழ் ஆறு கனியங்களைச் சட்டங்கள் சேர்க்கின்றன. சர்ப்பென்டைன் குடும்பத்தில் ஒன்றே ஒன்று: கிறைசோடைல், அதாவது வெள்ளை. மற்ற ஐந்தும் அம்பிபோல் குடும்பம்: குரோசிடோலைட் என்ற நீலம், அமோசைட் என்ற கபிலம், பிறகு அந்தோபிலைட், ட்ரெமோலைட், அக்டினோலைட்.

இரண்டு குடும்பத்துக்கும் வித்தியாசம் நிறத்தில் இல்லை, வடிவத்தில். கிறைசோடைல் என்பது மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்த படலம். மக்னீசியப் பக்கம் சிலிக்காப் பக்கத்தைவிடச் சற்று அகலம் என்பதால் படலம் தட்டையாகக் கிடக்க முடியாமல் பாய் சுருட்டியதுபோலத் தானே சுருண்டுவிடுகிறது. ஒவ்வொரு இழையும் ஒரு பாய்ச்சுருள். அதனால்தான் வளைகிறது, பஞ்சுபோல நூற்க வருகிறது, துணியாக நெய்யவும் முடிகிறது. அமிலம் பட்டால் அந்த மக்னீசியம் கரைந்து இழை பலம் இழக்கும். 600 பாகை செல்சியஸைத் தாண்டினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி அமைப்பே குலையும். அம்பிபோல் இழைகள் சுருள் அல்ல, நேரான ஊசிகள். அமிலத்துக்கு அசையாது. நுரையீரலுக்குள்ளும் அதே குணம்தான்: கிறைசோடைலை உடம்பு மெதுவாகவேனும் கரைத்தும் உடைத்தும் வெளியேற்றப் பார்க்கிறது, ஊசி பல பத்தாண்டுகள் குத்தியபடியே இருக்கும்.

இனிச் சுரங்கங்கள். உலகம் இதுவரை பயன்படுத்திய கல்நாரில் ஏறத்தாழ 95 வீதம் கிறைசோடைல். இன்று வணிகத்துக்கு வருவது அது மட்டும்தான். முதலிடம் ரஷ்யாவுக்கு. யூரல் மலைப்பக்கம் அஸ்பெஸ்ட் என்றே பெயர்கொண்ட நகரம் இருக்கிறது. திறந்த குழியாகப் படிப்படியாக வெட்டி இறங்கிய சுரங்கம் அதன் ஓரத்தில். ஒரன்பேர்க் மாகாணத்தின் யாஸ்னி இன்னொன்று. எல்லைக்கு அப்பால் கசகஸ்தானில் ஜிட்டிகாரா. சீனாவும் எடுக்கிறது, பெரும்பாலும் தன் தேவைக்கு. பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் மினாசு சுரங்கம் இருக்கிறது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் கல்நாரைத் தடைசெய்தது.

ஒரு காலத்தில் கனடாவின் கியூபெக்தான் ராஜா. தெட்ஃபோர்ட் மைன்ஸ், அஸ்பெஸ்டஸ் என்ற இரண்டு ஊர்களும் அதை நம்பியே வளர்ந்தவை. 2011உடன் அங்கே உற்பத்தி நின்றது. அஸ்பெஸ்டஸ் என்ற பெயரோடு வியாபாரம் செய்ய முடியாமல் அந்த ஊர் 2020இல் வால்-டெ-சூர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. சிம்பாப்வேயின் ஸ்விஷவானே, இத்தாலியின் பலஞ்சேரோ, சைப்பிரசின் ட்ரூடோஸ் மலை எல்லாம் பழைய பெயர்கள். இந்தியாவில் ஆந்திராவின் புலிவெந்துலாவில் கிறைசோடைலும் ராஜஸ்தானில் ட்ரெமோலைட்டும் தோண்டியிருக்கிறார்கள்.

நீலத்துக்குத் தென்னாபிரிக்காவின் வட கேப் பகுதி: குருமான், பிரிஸ்கா. அவுஸ்திரேலியாவில் விட்டனூம், 1943இலிருந்து 1966 வரை தோண்டினார்கள். சுரங்கக் கழிவை வீதிக்கும் முற்றத்துக்கும் கொட்டி நிரவிய ஊர் அது. பிறகு ஆட்களை வெளியேற்றத் தொடங்கி, 2007இல் அரச பதிவிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள். அமோசைட் என்ற பெயரில் ‘தென்னாபிரிக்க அஸ்பெஸ்டஸ் சுரங்கங்கள்’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. வடக்கே பெங்கே என்ற இடத்தில்தான் எடுத்தார்கள். அந்தோபிலைட் பின்லாந்தின் பாக்கிலாவில் 1975 வரை. ட்ரெமோலைட்டையும் அக்டினோலைட்டையும் தேடிப்போய்த் தோண்டியவர்கள் குறைவு. டல்க் கல்லிலும் வேர்மிகுலைட் என்ற கனியத்திலும் கலந்து அழையா விருந்தாளியாக வரும். அமெரிக்காவில் மொன்டானாவின் லிபி என்ற ஊர் கெட்டது அப்படித்தான்.

நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கம் கிடையாது. சர்ப்பென்டைன் பாறை தெற்கே உஸ்ஸங்கொடையில் உண்டு, ஆனால் கல்நாருக்காக அங்கே யாரும் வெட்டவில்லை. புல்மோட்டைக் கனிய மணலைக் காட்டி “அதிலிருந்து வருவதுதானே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது இல்மனைட், ருட்டைல், சிர்க்கோன். இதற்கும் அதற்கும் உறவில்லை. இங்கே சீற்றுக்குள் போகும் நார் கப்பலில் வருகிறது, பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து.

பாறையில் நார் நரம்பு நரம்பாக ஓடும். நரம்பின் சுவருக்குக் குறுக்காக இழைகள் நிற்கும், சீப்புப் பல் மாதிரி. ஆகவே நரம்பின் அகலம்தான் நாரின் நீளம். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டுவது அருமை. பாறையை வெடிவைத்து, நொறுக்கி, உலர்த்தி, சல்லடையில் குலுக்குவார்கள்; லேசான நார் மேலே மிதக்க, காற்றால் உறிஞ்சி எடுப்பார்கள். நீளத்தை வைத்துத் தரம் பிரிப்பதற்குக் கியூபெக்கின் அளவுமுறைதான் பழைய வழக்கம். நூற்பதற்கு 3ஆம் தரம். சீமெந்துப் பொருட்களுக்கு 4இலிருந்து 6 வரை. 7 என்பது குட்டை நாரும் தூளும்; பெயின்ட், தார், தரை ஓடு என்று நிரப்பியாகப் போகும்.

பயன்பாட்டுக்கு வந்தால் நீள்பட்டியல் போடலாம், ஆனால் எல்லாம் நாலு குணத்தில் அடங்கும்: எரியாது, இழுத்தால் அறாது, வெப்பம் கடத்தாது, சீமெந்தோடு நன்றாகப் பிடிக்கும். அடுப்பு வேலைக்குக் கையுறை, உலைக் கதவுக்குக் கயிறு, பிரேக் லைனர், கிளச் தட்டு, எஞ்சின் பெக்கிங், குளோரின் தயாரிக்கும் தொழிற்சாலையில் வடிகட்டித் திரை. இவ்வளவும் கிறைசோடைல். அமோசைட் கொதிகலன் உறைக்கும் வெப்பம் தடுக்கும் பலகைக்கும் போனது. நீலம் இழுவைக்கு மிக உறுதி, அமிலத்துக்கு அசையாது; அதனால் அழுத்த நீர்க்குழாய்களிலும் அமிலம் படும் பெக்கிங்கிலும் தெளிப்பு உறையிலும் சேர்த்தார்கள்.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு துணைச்செய்தி உண்டு. 1957 வரை பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த துறைமுகம் இது. அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் நீராவிக் குழாயெல்லாம் கல்நாரால் பொதிந்திருக்கும். 1940களில் நீலத்தைச் சுவரில் தெளித்த கப்பல்களும் உண்டு. உலகெங்கும் கல்நார் நோயாளிகளில் கப்பல் பழுதுபார்த்தவர்கள் அதிகம் இருப்பது அதனால்தான். பழைய கப்பல் உடைத்த இரும்போடு வெள்ளையும் சாம்பலுமாகப் பஞ்சுப் பொதி ஒட்டிய குழாய் வந்தால் அதைப் பிய்த்துப் பார்க்காதீர்கள். சீற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தான வடிவம் அது: நார் அதிகம், பிடித்துவைக்கச் சீமெந்து இல்லை.

இன்று கல்நாரின் பெரும் செலவு சீமெந்துச் சீற்தான். 1901இல் ஒஸ்ட்ரியாவின் லுட்விக் ஹாட்செக் இதற்குக் காப்புரிமை எடுத்தார்; செய்முறை இன்றும் அதேதான். பத்துக்கு ஒரு பங்கு அளவில் நார், மிச்சம் சீமெந்து, நிறையத் தண்ணீர். கஞ்சி மாதிரி அந்தக் கலவைக்குள் சல்லடை உருளை சுழலும். அதில் ஒட்டும் மெல்லிய படலத்தைக் கம்பளிப் பட்டி தூக்கிக்கொண்டுபோய் இன்னொரு உருளையில் சுற்றும். வேண்டிய தடிப்பு வந்ததும் அறுத்து, ஈரத்தோடு நெளி அழுத்துவார்கள். காகிதம் செய்யும் வேலையைச் சீமெந்துக்குக் கொண்டுவந்த மூளை அது. உடைந்த சீற்றின் விளிம்பில் அடை அடையாகத் தெரிவது அந்தப் படலங்கள்தான்.

நம் கரையோரத்தில் இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் உப்புக்காற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்த வீட்டுக்குச் சாதாரண நாகத் தகரம் போட்டால் சில வருடங்களில் ஓட்டை. ஓடு என்றால் மரச்செலவு. கிடுகு என்றால் இரண்டு வருடத்துக்கொருமுறை வேய வேண்டும், தீப்பயமும் உண்டு. சீற் துருப்பிடிக்காது, எரியாது, மலிவு. ஆனால் அதைப் பிடித்து நிற்கும் ஜே போல்ட் (கொக்கிபோல் வளைந்த போல்ட்) துருப்பிடிக்கும். துரு பொருமும்போது துளையைச் சுற்றி நட்சத்திர வெடிப்பு விழும். நம் ஊர்க் கூரைகளில் ஒழுக்குத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துளைதான், சீற்றின் நடு அல்ல.

வெள்ளை ஆபத்தா என்ற கேள்விக்கு வருவோம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் ஆறு வகையையும் ‘மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி’ என்ற முதல் குழுவில்தான் வைத்திருக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகிய மூன்றும் முக்கியமானவை. சுவாசித்து 20, 30, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு இரண்டும் சேர்ந்து பெருகும். வகைகளுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது உண்மை. மீசோதீலியோமாவை மட்டும் எடுத்தால் வெள்ளை, கபிலம், நீலம் மூன்றுக்கும் 1 : 100 : 500 என்று 2000இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நுரையீரல் புற்றுநோயில் இடைவெளி இவ்வளவு பெரிதல்ல. பாஸ் சொல்வதற்கு ஆதாரம் அந்த முதல் எண்ணில் இருக்கிறது. ஆனால் அந்த 1 பூச்சியம் அல்ல. அவர் தலைக்கு மேல் தினமும் தூசு பறக்கவிட்டு வேலை செய்பவர், வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒருமுறை கூரை மாற்றுபவர். இந்தப் பேச்சில் அதிகம் இழக்கப்போவது அவர்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது? நீலத்தை இலங்கை 1987இல் தடைசெய்தது. வெள்ளையில் கூரைச் சீற்றை 2018 ஜனவரியிலிருந்து நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலையில் வண்டு ஒன்று கண்டதாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களில் கல்நார்த் தடை தள்ளிப்போனது. தேயிலைத் தடையும் விலகியது. வண்டு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. உலக அளவில், ஆபத்தான இரசாயனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ரொட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் அம்பிபோல் ஐந்தும் இருக்கின்றன. கிறைசோடைலைச் சேர்க்கும் யோசனையை 2006இலிருந்து உற்பத்தி நாடுகள் தடுத்துவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் கனடா 2018இலும் வெள்ளையையும் தடைசெய்துவிட்டன.

இருப்பது கல்நார்தானா என்று கண்ணால் உறுதிசெய்ய முடியாது; ஆய்வுகூடத்தில் நுண்காட்டி வேண்டும். சீற்றின் நிறத்தைப் பார்த்து நீலம், வெள்ளை என்று சொல்வது வெறும் பேச்சு. சிவப்புச் சீற் என்பது பெயின்ட். 1992இல் இலங்கையில் போட்ட நெளிச் சீமெந்துச் சீற் என்றால் கல்நார் என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உடைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். தட்டைச் சீலிங்கையும் அப்படியே எண்ணுங்கள். ஃபேன் மாட்டவும் வயர் இழுக்கவும் அதில் துளைபோடுபவர் அண்ணாந்து பார்த்தபடி, தூசு நேரே முகத்தில் விழ நிற்கிறார்.

கழற்றத்தான் வேண்டுமா? மேலே பாசி, கீழே சுத்தம், வெடிப்பில்லை என்றால் அவசரமில்லை. கூரையிலேயே விட்டுப் பெயின்ட் அடிப்பதும் ஒரு வழி. ஆனால் பிரஷ்ஷால் உரசியோ அழுத்தத் தண்ணீர் பீச்சியோ பாசி எடுக்கக்கூடாது. மேல் சீமெந்துத் தோல் போய் நார் வெளியே வரும். பாசிக்கொல்லி தெளித்து, காய்ந்து உதிரவிட்டு, மெல்லிய தண்ணீரில் கழுவி, காரம் தாங்கும் அடிப்பூச்சுக்கு மேல் அக்ரிலிக் பெயின்ட் இரண்டு தடவை அடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பூசிய சீற் நாளடைவில் வளையக்கூடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விரலால் தொட்டால் சாம்பல் நிறப் பஞ்சுப் பிசிறு வருகிறது, பீலியில் சாம்பல் சேறு சேர்கிறது, துளைகள் வெடித்திருக்கின்றன என்றால் கழற்றும் காலம் வந்துவிட்டது. 30 வருடம் தாண்டிய உங்கள் கூரையில் இதில் ஒன்றாவது இருக்கும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று; உலர்ந்து, வேகமாக, தூசைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். ஐப்பசி பிறந்தால் மழை. கூரையில்லாத வீட்டோடு வாடையில் மாட்டிக்கொள்வீர்கள். மார்ச், ஏப்ரல் அமைதியான மாதங்கள். விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் அன்றைய பங்கை முடித்தால் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

அளவு தெரிந்தால்தான் ஆயத்தம் செய்யலாம். 1,000 சதுர அடி வீட்டுக்கு இறவாரமும் சாய்வும் சேர்த்து எட்டடிச் சீற் 50 அளவில் வரும். ஒன்று ஏறத்தாழ 30 கிலோ, ஆக ஒன்றரைத் தொன். இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே. வீட்டாரும் பிள்ளைகளும் அன்று வேறு வீட்டில். கிணற்றையும் யன்னல்களையும் பொலித்தீனால் மூடுங்கள். கீழே விழும் இடத்திலும் பொலித்தீன் விரியுங்கள்.

துணி மாஸ்க்கும் மருந்துக்கடை நீல மாஸ்க்கும் இதற்கு உதவாது. பி100 வடிகட்டி போட்ட றபர் அரைமுக மாஸ்க், அல்லது எஃப்எஃப்பி3 என்று அச்சிட்டது. தாடி இருந்தால் ஓரத்தால் காற்றுப் புகும். அன்றைக்கு மழித்தவர்தான் மேலே ஏறவேண்டும். ஒருதடவை போட்டு எறியும் முழு உடுப்பு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எறியத் தயாரான பழைய முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும்.

பத்து லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. சவர்க்காரம் இல்லாத வெறும் தண்ணீர் நாரின் மேல் உருண்டு ஓடிவிடும், ஊறாது. பூச்சிமருந்து படாத புதுத் தெளிகருவியில் மெல்லிய பூந்தூறலாக அடியுங்கள். ஒரே நேரத்தில் கூரை முழுவதையும் நனைத்தால் வழுக்கும். அடுத்துக் கழற்றும் இரண்டு மூன்று சீற்றை மட்டும் நனையுங்கள். துளையைச் சுற்றி நன்றாக.

சீற்றின் மேல் மிதிக்காதீர்கள். கல்நாரை விடுங்கள், அன்றைக்கே ஆளைக் கொல்வது இதுதான். பழைய சீற் அறிவிப்பில்லாமல் உடையும். வளையிலிருந்து (சீற்றைத் தாங்கும் குறுக்கு மரம்) வளைக்குத் தாங்கும்படி பலகை போட்டு, அதில் நின்று, முகட்டிலிருந்து கீழ்நோக்கிக் கழற்றுங்கள். போட்ட வரிசைக்கு எதிர் வரிசை. நட் துருவில் இறுகியிருக்கும். கிறைண்டர் வேண்டாம். போல்ட் கட்டர், அல்லது கை ஹெக்சோ. பிளேட் இரும்பில் மட்டும் படவேண்டும். சுத்தியலால் தட்டிச் சீற்றைப் போல்ட்டுக்கு மேலால் பிய்த்து இழுப்பதுதான் நம் ஊர்ச் சுருக்குவழி. ஐம்பது சீற்றில் நூற்றுக்கணக்கான துளை. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி தூள்.

முழுச் சீற்றாக இறக்குங்கள், எறியாதீர்கள். கீழே வந்ததும் அடியையும் நனைத்து, 800 கேஜ், அதாவது 200 மைக்ரோன் பொலித்தீனில் அடுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி நாடா ஒட்டி, ‘அஸ்பெஸ்டஸ், உடைக்க வேண்டாம்’ என்று எழுதுங்கள். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு தடித்த பையில் இரட்டையாக. வளையிலும் சுவர்த் தலையிலும் இருக்கும் தூசை ஈரத்துணியால் துடையுங்கள், துணியும் பைக்குள். தும்புத்தடியை அன்று தொடவே வேண்டாம், வீட்டு வக்கூமும் வேண்டாம். அதன் வடிகட்டியால் நார் மறுபக்கம் வந்து வீடு முழுக்கப் பரவும். மாஸ்க்கைக் கடைசியாகக் கழற்றுங்கள், உடுப்பை நனைத்த பிறகு. உடுப்பை உதறி அம்மாவிடமோ மனைவியிடமோ துவைக்கக் கொடுத்ததால், சுரங்கத்தையோ தொழிற்சாலையையோ எட்டியும் பார்க்காத பெண்களுக்கு மீசோதீலியோமா வந்தது மருத்துவத்தில் பதிவான விடயம்.

லொறி பிடிப்பதற்கு முன்பே உங்கள் உள்ளூராட்சி சபையிலும் சுற்றாடல் அதிகாரியிடமும் எங்கே ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். களப்போரத்தில் கொட்டுவது, நொறுக்கி ஒழுங்கைப் பள்ளத்துக்கு நிரவுவது இரண்டும் விட்டனூமில் செய்ததேதான். நெருப்பில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சீற் வெடித்துச் சிதறும். தற்காலிகமாகக் காணியில் வைப்பதென்றால் பொலித்தீனைப் பிரிக்காமல், வண்டி ஏறாத மூலையில்.

புதுக் கூரைக்குச் செல்லுமுன் ஒன்று, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். கல்நார்ச் சீற் சதுர மீற்றருக்கு 12 கிலோ அளவில்; கடைகளில் அமானோ என்று கேட்கும் நாக-அலுமினியப் பூச்சுத் தகடு அதில் மூன்றில் ஒரு பங்குதான். பாரம் குறைவது மரத்துக்கு நல்லது, புயலுக்குக் கெட்டது. 1964 டிசம்பர்ப் புயல் இந்தக் கரையில் அடித்தது. 2020 டிசம்பரில் புரேவி குச்சவெளிப் பக்கமாகவே ஏறியது. பழைய கூரை தன் பாரத்தால் நின்றது; புதியது பிடிப்பால் மட்டும்தான் நிற்கும். ஆகவே தகடு போடுவதற்கு முன் தீராந்தியைச் சுவர்த் தலையோடு இரும்புப் பட்டியால் கட்டி, பட்டியைக் கொங்கிறீற் வளையத்துக்குள் போல்ட்டில் இறுக்குங்கள். இறவார ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு நெளிக்கும் திருகாணி. நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். திருகாணி பூச்சுப் போட்டதாக, றபர் வாசருடன் இருக்க வேண்டும்; துருப்பிடித்த பழைய ஜே போல்ட்டைக் கழுவி மறுபடி போட்டால் ஓட்டை அதே இடத்தில் வரும். தகட்டை அறுக்கும்போது தெறிக்கும் இரும்புத்தூளைக் கூரையில் விட்டால் உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் செம்புள்ளி, அன்றன்றே துடைத்துவிடுங்கள். பச்சைச் சீமெந்து பட்டாலும் அலுமினியப் பூச்சு அரிக்கும், முகட்டோரம் பூசுபவரிடம் முதலே சொல்லிவையுங்கள்.

கழற்றியதில் நல்லதாக நாலைந்தைக் கோழிக்கூட்டுக்கென்று யாராவது கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள், அவர் அதை அளவுக்கு அறுப்பார். பீலியில் கிடக்கும் சாம்பல் சேற்றையும் மறக்க வேண்டாம். முப்பது வருடமாகக் கூரை கழுவிவந்த நார் அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டி, சீற்றோடு சேர்த்து அனுப்புங்கள்.